மூதேவியின் சொந்தபந்தம்

அமெரிக்க டாக்டர்கள் பேசுவதைக் கேட்டு டைப் அடிப்பது என் வேலை. அவர்களுக்குப் பகல், எனக்கு ராத்திரி. பெரிய காஞ்சிபுரத்தில் தம்பி வீட்டு மாடி அறையில் இருக்கிறேன். கல்யாணம் ஆகவில்லை, ஏன் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லும் வழக்கமும் இல்லை. காலையில் படுத்தால் எழுந்திருக்க அந்தியாகிவிடும்.

தம்பியின் மாமியார் வரும்போதெல்லாம் படிக்கட்டுக்குக் கீழே நின்று, என் காதில் விழும்படி சொல்வார். "ராவெல்லாம் முழிச்சுக்கினு, வெளக்கு வெக்கிற நேரத்துல தூங்கினா, வீட்ல மூதேவி வந்து குந்திக்காம என்னா பண்ணுவா?"

அந்த எரிச்சலில்தான், மூதேவிக்கு வேறு நாடுகளில் சொந்தபந்தம் உண்டா என்று போனில் தேட ஆரம்பித்தேன். இருந்தார்கள். கிரேக்கர்களின் இரவுத் தெய்வம் நிக்ஸ். தூக்கம் அவள் பெற்ற பிள்ளை. தேவராஜாவே அவளைப் பகைத்துக்கொள்ளப் பயப்படுவாராம். நார்வேப் பக்கம் நோட் என்றொருத்தி. அவள் குதிரையின் வாய்நுரைதான் காலைப் பனி. நம் வேதத்திலேயே இரவும் விடியலும் அக்கா தங்கை, இருவருக்கும் மரியாதை உண்டு. பிறகு எப்போதோ தங்கை லட்சுமிக்குத் தாமரை, அக்கா மூதேவிக்கு வசவு என்று ஆகிவிட்டது. கைலாசநாதர் கோயிலில் அவளும் சிற்பமாக இருக்கிறாள். ஒருகாலத்தில் கும்பிட்ட தெய்வம், இன்று ஒரு பூ வைக்க ஆளில்லை. அங்கே போனால் அவள் எதிரில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவேன். பேச எனக்கும் வேறு ஆள் இல்லை.

போன மாதம் தம்பி மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். நான் தூக்கி வளர்த்தவள். "அத்த, நீ என் பக்கத்துலயே இருக்கணும்" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். "அவங்க வந்ததும் கூப்பிடறேன் அண்ணி" என்றாள் தம்பி மனைவி.

அன்று வேலைக்கு லீவு போட்டேன். பகலில் கண்ணை மூடவே இல்லை. அரக்குப் பட்டு கட்டி, பூ வைத்துக்கொண்டு, கசங்கிவிடப் போகிறதே என்று கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் கார் வந்து நின்றது. கீழே சிரிப்புச் சத்தம், டம்ளர் சத்தம். நானாகவே இறங்கிப் போயிருக்கலாம். கூப்பிடட்டும் என்று ஒரு வீம்பு. வீம்புக்கு அடியில் பயம்தான். விளக்கு வைத்தார்கள், சாம்பிராணி வாசனை மாடி வரைக்கும் வந்தது. அப்புறம் கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

தம்பி மனைவி கேசரித் தட்டோடு மேலே வந்தாள். "நீங்க தூங்கினு இருப்பீங்கன்னு எழுப்பல அண்ணி" என்று சொல்லிக்கொண்டே கதவைத் தள்ளியவள், என் புடவையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"நல்ல தூக்கம்மா. பட்டு கட்டிக்கினு படுத்தா தனி சுகம்" என்றேன்.

அவள் பொல்லாதவள் இல்லை. தட்டை மேசையில் வைத்துவிட்டு, என்னைச் சமாதானப்படுத்துவதற்கு ஏதாவது தேடினாள்.

"அவங்களுக்குப் பிடிச்சிருக்குதாம் அண்ணி. விடிகாலை முகூர்த்தம்தான் வேணும்னு கேக்கறாங்க. அன்னிக்கு எங்க எல்லாரையும் எழுப்பிவிட நீங்கதான் இருக்கணும்."

எழுப்பிவிடுகிறேன் என்றேன்.