சுவரில் இரண்டு வரிசை

கண்டாச்சிபுரம் பக்கத்தில் சினை பிடிக்காத பசுக்களைப் பற்றி ஆய்வு செய்துகொண்டிருந்தேன். பசு பருவத்துக்கு வரும் நாளை யாரும் சரியாகச் சொல்ல மாட்டார்கள். கூலி வேலைக்குப் போகும் ஓர் அம்மா மட்டும் கொட்டகைச் சுவரில் அந்த நாள்களுக்குக் கரிக்கோடு போட்டு வைத்திருந்தார். வெளுத்த உதடுகள், நிற்கும்போதெல்லாம் சுவரைப் பிடித்துக்கொள்வார்.

பசுவின் கோடுகளுக்குக் கீழே இன்னொரு வரிசை நெருக்கமாக ஓடியது.

"இது எந்த மாடும்மா?"

"மாடு இல்ல சார், அது நானு," என்று சிரித்தார். "தீட்டு நிக்கவே மாட்டேங்குது. அதையும் எய்திக்கினு போங்களேன், பெரிய டாக்டரு யாராச்சும் பாப்பாங்க."

"நான் மாட்டு டாக்டர்மா" என்று நானும் சிரித்தேன். மேல்வரிசையை மட்டும் எழுதிக்கொண்டேன்.

திண்டிவனத்தில் இருந்த வீட்டுக்கு முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரியைத் தாண்டித்தான் தினமும் ஜீப்பில் திரும்பினேன். அவரை ஏற்றிக்கொண்டு போய்க் காட்டியிருக்கலாம். எனக்குத் தோன்றவே இல்லை.

அடுத்த ஆண்டு போனபோது பசு கன்றுடன் நின்றது. "அவ போய் மூணு மாசம் ஆவுது சார்," என்றார் கணவர். மேல்வரிசை சினை பிடித்த நாளோடு முடிந்திருந்தது. கீழ்வரிசை சுவரின் விளிம்புவரை போயிருந்தது.

அந்தப் பசுவுக்கு என் ஆய்வேட்டில் ஓர் எண் உண்டு. கீழ்வரிசையை இந்த வயதில் நினைவிலிருந்து எழுதிப் பார்க்கிறேன். நாள்கள் சரியாக வரவில்லை.