சிவப்பு உறைகளைக் கழற்றுகிறவர்

என் அப்பாவின் வேலை என்னவென்று சொன்னால் பாதிப் பேர் சிரிப்பார்கள். விண்கலத்தின் கேமராக்கள், கருவிகள், குழாய் வாய்கள் மேல் தூசி படாமலிருக்கச் சிவப்புத் துணி உறைகள் போட்டிருப்பார்கள். ஏவுவதற்கு முன் மேலே ஏறி, அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். அதுதான் வேலை. ஒவ்வொரு உறையிலும் நீளமாக ஒரு ரிப்பன் தொங்கும். அதனால் அங்கே அவர் பெயரே ரிப்பன். அம்மாவும் தன் போனில் அப்படித்தான் பதிந்து வைத்திருந்தாள்.

"கோடி கோடியாக் கொட்டிக் கட்டறாங்க. கடைசியில துணியை உருவறது எங்க வீட்டுக்காரரு" என்பாள். அப்பாவுக்கு அதில் பெருமைதான். சிறுகோளிலிருந்து அள்ளி வந்த மண்ணில் உயிருக்கு அடிப்படையான பொருட்கள் இருந்ததாகச் செய்தி வந்த அன்று, அதை அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினார். அம்மா பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, "மண்ணுல உயிர் இருக்குன்னு தெரிஞ்சுக்க அவ்வளவு தூரம் போகணுமாக்கும்" என்றாள்.

கழற்றிய உறைகளைக் கீழே ஒரு பலகையில் மாட்டுவார்கள். உறைக்கு ஓர் ஆணி. கடைசி உறையையும் மாட்டிவிட்டு வெளியே வந்தால் அப்பா செய்கிற முதல் காரியம் அம்மாவுக்குப் போன் போடுவது. "கழட்டியாச்சு" என்பார். "சரி, வரும்போது பால் வாங்கிட்டு வாங்க" என்று சொல்லி அம்மா வைத்துவிடுவாள். வீட்டில் பால் இருந்தாலும் அதையேதான் சொல்வாள்.

போன வருஷம் ஒரு காலையில் அம்மா அடுப்படியில் சரிந்து விழுந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அப்பா அழவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். சித்தப்பா அவர் தோளைப் பிடித்து, "அழுதுடுண்ணே, உள்ளேயே வச்சுக்காதே" என்றதற்கு "ம்" என்றார். அடுத்த வாரமே வேலைக்குக் கிளம்பினார். ஒரு சிறுகோளைப் படம் பிடிக்கப் போகும் விண்கலம் தயாராக நின்றது. "அந்தக் கல்லு நமக்காக நிக்காதும்மா" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் சண்டை போடவும் தெம்பில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைக் கிள்ளிப் பார்ப்பது போலத்தான் என் நாட்களும் இருந்தன. கிள்ளுவது தெரிந்தது, வலிக்கவில்லை.

ராக்கெட் நல்லபடியாகப் போனது. மறுநாள் அப்பா பலகையைத் துடைக்கப் போனபோது ஓர் ஆணி காலியாக இருந்தது. சிறுகோளைப் பார்க்கவேண்டிய அந்தக் கேமராவின் உறையைக் காணவில்லை.

உறையோடு போயிருந்தால் கேமரா குருடு. வழியில் மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதற்காக அதைத் தூங்க வைத்திருந்தார்கள். போய்ச் சேர்ந்து, கண்ணைத் திறந்தால்தான் தெரியும். அதற்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

அப்பா நேராக அதிகாரியிடம் போய்ச் சொல்லிவிட்டார். கூட நின்ற மேற்பார்வையாளரைக் கேட்டபோது, "எடுத்ததைப் பார்த்த மாதிரிதான் இருக்கு" என்று இழுத்தார். ரிப்பன் சொன்னால் சரியாக இருக்கும் என்பது அங்கே எல்லாருக்கும் பழக்கம். அன்று ஒருவரும் பலகையைத் திரும்பிப் பார்க்கவில்லை. அத்தாட்சிக்கு எடுத்த படத்தில் வெள்ளை உடுப்பில் அப்பாவின் முதுகு மட்டும் இருந்தது. கேமராவை அந்த முதுகு அப்படியே மறைத்துவிட்டது.

அதன் பிறகுதான் அப்பாவுக்குத் தூக்கம் போனது. சோற்றைப் பிசைந்தபடி உட்கார்ந்திருப்பார்.

"கழட்டினேனா இல்லையான்னு ஞாபகமே வரலம்மா."

"மத்த தடவையெல்லாம் எப்படி ஞாபகம் இருந்துச்சு?"

"உங்கம்மாகிட்ட சொல்லிடுவேன்ல? சொல்லிட்டா மனசுல நின்னுடும்."

இன்னொரு நாளாக இருந்தால் அதோடு விட்டிருப்பேன். அன்று வாய் சும்மா இருக்கவில்லை. "அம்மா போனப்ப தூங்கினீங்க. உள்ளங்கை அகலத் துணிக்குத் தூக்கம் வரலையா?" என்றேன். அப்பா என்னைப் பார்த்தார். கோபம்கூட இல்லை அந்த முகத்தில். தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினார்.

அதன் பிறகு நாங்கள் தேவைக்குத்தான் பேசினோம். கேஸ் வந்ததா, கரண்ட் பில் கட்டியாச்சா என்று. வேலையிடத்தில் யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. குறை சொல்லியிருந்தால் தேவலை என்று எனக்குப் பட்டது. அவரை மெல்லக் கருவிகளுக்கு உறை போடுகிற வேலைக்கு மாற்றிவிட்டார்கள். கழற்றுவது வேறொருவர்.

கேமராவைத் திறக்கும் நாளில் அப்பா சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பினார். நான் டிவி முன்னால் உட்கார்ந்தேன். திரை கறுப்பாகவே இருந்தது. அறிவிப்பாளர் ஏதேதோ பேசிக்கொண்டிருந்தார். அந்த மனுஷனுக்கு இதையாவது கொடுத்துவிடு என்று யாரிடமோ கேட்டேன்.

படம் வந்தது. கருகிய உருளைக்கிழங்கு மாதிரி ஒரு கல், பள்ளம் பள்ளமாக, அத்தனை தெளிவாக. டிவியில் கட்டுப்பாட்டு அறையைக் காட்டினார்கள், அறை முழுக்கக் கைதட்டினார்கள். பின்வரிசையில் அப்பா மட்டும் கையைத் தொங்கவிட்டபடி நின்றார். அந்த உறை எங்கே போனதென்று இன்றுவரை தெரியாது. சலவைக்குப் போன உடுப்போடு போயிருக்கும் என்கிறார்கள்.

கொஞ்ச நேரத்தில் பிரிட்ஜ் மேலிருந்து போன் அடித்தது. அம்மாவின் போன். பேங்க் மெசேஜ் வரும் என்பதற்காக அதை சார்ஜ் போட்டே வைத்திருந்தேன். ரிப்பன் என்று காட்டியது.

எடுத்தேன். நான் வாய் திறக்குமுன் அப்பா மூச்சு வாங்க, "கழட்டித்தான்டி இருக்கேன்" என்றார்.

யாருக்குப் போன் போட்டோம் என்று அப்புறம்தான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். இத்தனை மாதம் அவர்மேல் வைத்திருந்த கோபத்தைத் தேடினேன், இல்லை. தொண்டையைச் சரிசெய்துகொண்டேன்.

"சரி, வரும்போது பால் வாங்கிட்டு வாங்க."

அப்பா அழ ஆரம்பித்தார். சத்தம் போட்டு, சுற்றிலும் ஆள் இருக்கிறார்களே என்றுகூடப் பார்க்காமல் அழுதார். போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நானும் அழுதேன்.