இருபத்தேழு சேவல்கள்

அப்பா கோழிப்பண்ணை வைக்க முடிவு செய்தபோது எனக்குப் பத்து வயது. பண்ணை அவருக்கல்ல, அத்தைக்கு. அப்பாவின் தங்கை. புருஷன் வீட்டோடு ஒத்துவராமல் எங்கள் வீட்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. “அதுக்கும் ஒரு பொழப்பு வேணும்ல” என்று அப்பா ஊரெல்லாம் சொன்னார். அத்தையிடம் மட்டும் கேட்கவில்லை.

அப்பா கல்பாக்கத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் வேன் ஓட்டினார். காத்திருக்கும் நேரத்தில் போனில் வீடியோ பார்ப்பார். நாற்பது கோழி போதும், அப்புறம் உட்கார்ந்து முட்டை பொறுக்க வேண்டியதுதான் என்று யாரோ அதில் சொல்லியிருந்தான். மதுராந்தகம் பக்கத்தில் ஒருவரிடம் ஒரு மாதக் குஞ்சுகள் நாற்பது வாங்கினோம். இதில் சேவல் எத்தனை என்று அம்மா கேட்டதற்கு அந்த ஆள், “அத்தினியும் பெட்டைமா, கண்ண மூடிகினு எட்துகினு போங்க” என்றார். அப்பா அப்படியேதான் வாங்கினார்.

பிறகு செலவு ஆரம்பித்தது. கொட்டகைக்குத் தகரம். தகரம் வெயிலில் காய்ந்ததால் அதன்மேல் தென்னங்கீற்று. சுற்றிலும் வலை. கீரி வலைக்கடியில் பள்ளம் பறித்து ஆறு குஞ்சுகளைக் கொண்டுபோனதும், அடியில் சிமெண்ட். கழிச்சலில் இரண்டு செத்த பிறகு தடுப்பு மருந்து. தீவன மூட்டை வாரம் தவறாமல். ஒவ்வொரு தடவையும் அப்பா, “இதான் கடைசி செலவு” என்பார். எனக்கு வாங்கித் தருவதாகச் சொன்ன சைக்கிள் தகரமும் சிமெண்டுமாகக் கொல்லையில் நின்றது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அத்தையோடு சேர்ந்து எச்சம் வழிப்பது என் வேலை.

மூன்றாம் மாதம் ஒரு விடியற்காலையில், தொண்டை கட்டிய குரலில் ஒன்று கூவிற்று. இன்னொன்று பதில் சொன்னது. வாரம் முடிவதற்குள், மிஞ்சிய முப்பத்திரண்டில் இருபத்தேழு சேவல் என்று தெரிந்துவிட்டது. தூக்கம் கெட்டுப்போன அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வந்தார்கள். அப்பா அசரவில்லை.

“இன்னொரு நாப்பது பெட்ட வாங்கிப் போட்டா சரியாப் பூடும்.”

அத்தை எச்ச வாளியை டக்கென்று கீழே வைத்தாள். “எனுக்குக் கோழி வேணும்னு உன்னாண்ட கேட்டனாண்ணா? கம்பெனி வேலைக்கிப் போறேன்னுதான கேட்டேன்?”

“அண்ணன் வூடு கீறப்ப உனுக்கு இன்னாத்துக்கு வேல?”

அத்தை வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஆடி பிறந்தது. அம்மன் கோயில் வேண்டுதலுக்குச் சேவல் தேடி எல்லோரும் அலையும் மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா சவாரிக்குப் போனதும் அத்தை லோடு ஆட்டோ பேசி, கூடைகளில் சேவல்களை அடைத்து, என்னையும் ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போனாள். வீட்டில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாதவள், அங்கே விலை கேட்டவர்களை ஒரு பிடி பிடித்தாள். “சேவல்தானான்னா கேக்கற? அது கூவறது உன் காதுல வுழல?” பதினொரு மணிக்குள் ஒன்று பாக்கியில்லை.

எனக்குப் பரோட்டா வாங்கித் தந்தாள். ஒரு கவரைக் கொடுத்து, “தீவனக் கடை பாக்கி. அம்மாகிட்டதான் குடுக்கணும்” என்றாள். கண்டக்டரிடம் சொல்லி, காலிக் கூடைகளோடு என்னை ஊர் பஸ்ஸில் ஏற்றிவிட்டாள்.

“நீ வர்லியா அத்த?”

“எனுக்கு வேற பஸ்ஸு.”

எனக்குக் கோபமான கோபம். நாற்றமடிக்கும் கூடைகளோடு நின்றுகொண்டே வந்தேன். எல்லோரும் என்னைப் பார்த்து மூக்கைப் பிடித்தார்கள்.

மறைமலைநகர் பக்கம் அத்தை வேலைக்குச் சேர்ந்ததும், அப்பா ஆறு மாதம் அவளோடு பேசாமலிருந்ததும், கொட்டகையைப் பிரித்துத் தகரத்தைப் பாதி விலைக்குத் தள்ளியதும் பின்னால் நடந்தவை. அன்றைக்கு அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். நான் வாயைத் திறப்பதற்கு முன், “பஸ்ல அவளுக்கு சீட்டு கெட்ச்சுதா?” என்று கேட்டாள்.

“எனக்குத்தான் கிடைக்கல” என்று கத்திவிட்டு, கூடைகளை வீசியெறிந்தேன். அத்தை பஸ் ஏறப்போகிறாள் என்று அம்மாவுக்கு எப்படித் தெரியும் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.