கிழித்துப் போட்ட தாள்

வெள்ளைக்காரர் காலத்தில், பூந்தமல்லிக்கு அருகே ஒரு நிலநடுக்கப் பதிவு நிலையத்தில் வேலை பார்த்தேன். புகைக்கரி படிந்த தாளில் ஊசி இரவு பகலாகக் கோடு கீறும். காலையில் தாளை மாற்றுவது என் பொறுப்பு.

ஒரு நாள் கோடு தாறுமாறாக ஆடியிருந்தது. பக்கத்துப் பாதையில் செங்கல் வண்டி ஓட்டும் காதர் பாயின் வண்டி அதிர்வுதான் காரணம் என்று நினைத்து, தாளைக் கிழித்துப் போட்டேன். மறுநாள் கடைத்தெருவில் நாலு பேர் எதிரில் அவரைத் திட்டினேன். தலைகுனிந்து கேட்டுக்கொண்டார்.

இரண்டு வாரம் கழித்து மேலதிகாரியின் கடிதம் வந்தது. எங்கோ தொலைவில் பெரிய நிலநடுக்கமாம். அதன் அலைகள் எந்த நிலையத்துக்கு எப்போது வந்தன என்று தெரிந்தால், பூமியின் மேலோட்டுக்கு அடியில் பாறை எப்படி இருக்கிறது என்று கணக்கிடலாமாம். அவர் கேட்டிருந்தது நான் கிழித்த அதே தாளை.

பாயிடம் ஓடினேன்.

"அன்னிக்கு வண்டியே பூட்டல சார். மாடு செத்துப்பூச்சு, பொதச்சிகினு இருந்தேன்."

"அப்பவே ஏன் சொல்லல பாய்?"

"நீங்க எங்க சார் கேட்டீங்க?"

தாளைக் கிழித்ததைப் பதில் கடிதத்தில் ஒப்புக்கொண்டேன், கண்டித்துவிட்டு மன்னித்தார்கள். பாயைத் திட்டியதை அதில் எழுதவில்லை. அதை யாரும் கேட்கவுமில்லை. இன்றுவரை என்னைக் கூசவைப்பது அதுதான்.