விடாத மூச்சு

ஆஸ்பத்திரியில் அவருக்கு 'எலும்பண்ணன்' என்று பெயர். எக்ஸ்ரே அறையில் வேலை. "மூச்சை இழுங்க... பிடிங்க... விடுங்க." தூக்கத்தில்கூட இதையே சொல்வார். "உங்ககூட படுத்தா எனக்கு மூச்சு முட்டுதுங்க" என்று மனைவி கேலி செய்வாள்.

ஞாயிறு மாலைகளில் அவர் வீட்டு முன்னறையில் நாலு பேர் கூடி வேதாகமம் வாசிப்பார்கள். தீர்க்கதரிசிகள் கண்ட தரிசனங்கள் என்றால் அவருக்கு உயிர்; ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கம் வைத்திருப்பார். சக்கரத்துக்குள் சக்கரமா? அது ஓயாமல் சுழலும் மனம். சக்கரமெல்லாம் கண்களா? அது விழித்துக்கொண்ட அறிவு. ஒரு பள்ளத்தாக்கு நிறையக் கிடந்த உலர்ந்த எலும்புகள், காற்று புகுந்ததும் மனிதர்களாக எழுந்து நின்றனவே, அது?

"அந்தப் பள்ளத்தாக்கு வெளிய எங்கயும் இல்ல. நமக்குள்ளதான் இருக்கு. கற்பனைதான் மூச்சு. அது புகுந்தா செத்த மனசு எழுந்து நிக்கும்."

"நாள் பூரா எலும்பையே பாத்தா சாமியும் எலும்பாத்தான் தெரிவாரு, அத்தான்" என்பான் மனைவியின் தம்பி. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பவள் அவருடைய ஒரே மகள்.

அந்தச் சிரிப்பின் நடுவே ஒரு நாள் இருமல் வந்தது. வந்தது போகவில்லை. அப்பாவே படம் எடுத்தார். "மூச்சை இழு கண்ணு... பிடி." திரையில் அவள் நெஞ்சு தெரிந்தது. காற்று நிறைந்து கறுப்பாகத் தெரிய வேண்டிய இடப் பக்கம் முழுக்க வெள்ளை. எத்தனை படம் பார்த்த கண்! 'விடு' என்று சொல்ல மறந்துபோனார்.

"விடவா வேணாமாப்பா?" பொறுக்க முடியாமல் இருமிக்கொண்டே சிரித்தாள் அவள்.

மழைக்காலம் முடியுமுன் அவளை மண்ணுக்குக் கொடுத்தார்கள்.

ஞாயிற்றுக் கூட்டம் நின்றது. மனைவி அவரிடம் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள். "எல்லாம் மனசுக்குள்ளதான்னு சொன்னீங்களே. அப்ப எம் பொண்ணு நிஜமா எழுந்து வர மாட்டாளா?"

ஊருக்கெல்லாம் விளக்கம் சொன்னவர் வேதாகமத்தை எடுத்து அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

அவள் சாப்பாட்டை விட்டாள். நெஞ்சு வலிக்கிறது என்றாள். டாக்டர் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். மகள் நெஞ்சை வைத்த அதே பலகையில் தாயும் நெஞ்சை வைத்தாள்.

"இன்னிக்கு பதில் சொன்னாத்தான் மூச்சு விடுவேன், பாத்துக்குங்க."

"பேசாம நில்லும்மா. இழு... பிடி."

படம் விழுந்தது. நெஞ்சில் ஒரு குறையும் இல்லை.

"விடு."

அவள் விடவில்லை. பலகையைக் கட்டிக்கொண்டு, இல்லையென்று தலையை ஆட்டினாள். முகம் கன்றியது. அவர் கண்ணாடித் தடுப்பைச் சுற்றி ஓடி வந்தார். 'வருவா' என்று ஒரு வார்த்தை. அது போதும். ஆனால் அந்தப் பொய் அவர் வாயில் வரவில்லை.

"எனக்குத் தெரியலம்மா! தினமும் கண்ணை மூடினா எழுந்து வர்றா. தொடப் போனா இல்ல. எனக்குள்ள இருக்குறது எனக்கே பத்தலம்மா... நீயாவது மூச்சை விடு!"

அடக்கிய மூச்சு ஒரே ஓலமாக வெளியே வந்தது. "பொய்யாவாவது சொல்லியிருக்கக் கூடாதா, பாவி மனுஷா!"

அவர் நெஞ்சில் ஓங்கி ஓங்கி அடித்தாள். பிறகு, அடித்த கையாலேயே அவர் சட்டையைப் பற்றிக்கொண்டு கதறினாள்.