பதினைந்தாவது பாட்டில்

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதையும் இரண்டு வருஷம் படித்தேன், ஒன்றும் ஏறவில்லை. எங்கள் ஏரியில் இருந்த மீன்கள் மட்டும் அத்தனையும் தலையில் ஏறி உட்கார்ந்திருந்தன. வாலைப் பார்த்தாலே பெயரைச் சொல்லிவிடுவேன். என் பெயரை எழுதச் சொன்னால்தான் வியர்க்கும்.

அதனால், ஊருக்கு முதல் கலர் டி.வி. வந்த வருஷம், விழுப்புரத்திலிருந்து ஒரு காலேஜ் கூட்டம் வேனில் வந்து ஏரிக்கரையில் இறங்கியபோது, என்னைத் தேடித்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு சார், பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள். யாரும் கொண்டுவந்து விடாமல் நம் ஏரிகளில் தானாக வளரும் மீன்களில் எத்தனை தினுசு இருக்கிறது என்று ஊர் ஊராகப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். பங்குனி மாசம், தண்ணீர் இடுப்பளவுக்கு இறங்கியிருந்தது. வலை வீச என் சித்தப்பாவைப் பேசியிருந்தார்கள். பெயர் சொல்ல என்னை யாரும் பேசவில்லை. நானாகவே வேலையில் சேர்ந்துகொண்டேன்.

வலையில் வந்ததைத் தண்ணீர் நிரப்பிய ஒரு அன்னக்கூடையில் கொட்டுவார்கள். புது தினுசு என்றால் ஒன்றை எடுத்து மருந்துத் தண்ணீர் பாட்டிலில் போட வேண்டும். ஏற்கெனவே வந்தது என்றால் ஏரியிலேயே விட்டுவிட வேண்டும். சார் தூரத்தில் புங்க மரத்து நிழலில் நோட்டோடு உட்கார்ந்திருந்தார். பாட்டில் தன்னிடம் வந்தால் பெயர் எழுதுவார். அன்னக்கூடைக்குப் பொறுப்பு ஒரு அக்கா. மேல்சித்தாமூர் பக்கத்துச் சமணக் குடும்பம், முட்டைகூட நுழையாத வீடு. டாக்டர் படிப்புக்கு இடம் கிடைக்காமல் இதில் வந்து மாட்டிக்கொண்டதாக மற்றப் பெண்கள் சொல்லிச் சிரித்தார்கள்.

முந்தின நாள் பார்த்த காணை ஏரியில் பதினாலு தினுசு கிடைத்ததாக சார் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. எங்கள் ஏரியில் இருபதுக்குக் குறையாது என்றேன்.

"பதினஞ்சு வரட்டும். புக்கு போடும்போது உன் பேரையும் போட்டுடறேன்" என்றார் சார்.

புத்தகம் என் தலையில் ஏறாவிட்டால் என்ன, நானே புத்தகத்தில் ஏறிவிடலாம். அந்த எண்ணத்தில் எனக்குக் காலைக் கஞ்சிகூட இறங்கவில்லை.

ஆனால் என் பேரும் புகழும் அந்த அக்காவின் கையில் இருந்தன. அக்காவுக்கோ மீனே தெரியவில்லை. குறவை வந்து, வாலால் அடித்து வெளியே எகிறப் பார்த்தது. விரால் குஞ்சுதானே, விரால் காலையிலேயே வந்துவிட்டதே என்று சொல்லி ஏரியில் விட்டுவிட்டார்.

"யக்கா, அது கொறவ. வெராலு வேற, கொறவ வேற. எங்க ஊருல தவழ்ற புள்ளைக்குத் தெரியும்."

"அப்படியா? எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது" என்றார் அக்கா.

கரையில் விழுந்தும் செவுளை ஊன்றி நடந்துபோன பனையேறியைக் கெண்டை என்றார். பாம்புபோல் நெளிந்த ஆராவை முன்பே பார்த்தாயிற்று என்றார். நானும் விடாமல் சொல்லிக்கொடுத்தேன். வாத்தியார் என்னைத் திட்டிய வார்த்தைகளில் நல்லதாகப் பொறுக்கி அவருக்குக் கொடுத்தேன். மண்டையில் என்னதான் வைத்திருக்கிறீர்கள் என்றுகூடக் கேட்டேன். கோபித்துக்கொள்ளவே இல்லை.

பொறுக்க முடியாமல் சித்தப்பாவிடம் போனேன்.

"இன்னா சித்தப்பா இது? துள்றதையெல்லாம் வுட்டுர்றாங்க. வலையிலேயே செத்துப்போய் வர்றதா பாத்துப் பாட்டில்ல போடறாங்க."

சித்தப்பா வலையை உதறுவதை நிறுத்தி, அக்காவைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"உனுக்கு இன்னாடா வந்துது? அந்தப் பொண்ணு எடுக்கறதுதான் கணக்கு. வாய மூடிக்கினு போ."

பொழுது சாயும்போது பதினாலு பாட்டில் நிரம்பியிருந்தது. காணையும் நாங்களும் சமம். கடைசி வீச்சில் கன்னங்கரேலென்று, மீசையோடு ஒன்று வந்தது. தேளி. என் பதினைந்தாவது பாட்டில். அக்கா நிதானமாகக் குவளையால் அதை மொண்டார். "இது கெளுத்தி. வந்துடுச்சு."

பாய்ந்து கையை விட்டுப் பிடித்தேன். தேளியை வெறுங்கையால் பிடிக்கக் கூடாது; செவுளுக்குப் பக்கத்தில் இருக்கும் முள் தேள் மாதிரி கொட்டும். காலையிலிருந்து எல்லோரையும் எச்சரித்தவன் நான்தான். கொட்டியது. நான் போட்ட கூச்சலில் கரையில் மேய்ந்த எருமைகள் தலையைத் தூக்கிப் பார்த்தன. மீன் ஏரித் தண்ணீரில் விழுந்து போய்விட்டது. சார் ஓடிவந்து என்னவென்று கேட்டார்.

"கெளுத்தி முள்ளு குத்திடுச்சு சார்" என்றார் அக்கா. அழுகையில் எனக்கு மறுத்துப் பேச வாய் வரவில்லை.

சித்தப்பா சுண்ணாம்பு தடவினார். கை பணியாரம் போல உப்பிவிட்டது. வேன் படியில் என்னை உட்காரவைத்து, அக்கா ஊதிக்கொண்டே இருந்தார்.

"யக்கா, அது கெளுத்தி இல்ல. தேளி" என்றேன்.

சார் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார். "தெரியும்டா கண்ணு. கெளுத்திக்கு முதுகுல முள்ளு இருக்கும். இதுக்கு இல்ல."

அந்த வலியிலும் எனக்குப் பெருமையாக இருந்தது. நாள் முழுக்கத் தொண்டை வறளச் சொல்லிக்கொடுத்ததில் ஒன்றாவது ஏறிவிட்டது. முதுகு முள்ளைப் பற்றி நான் சொல்லிக்கொடுக்கவே இல்லை என்பது அப்போது உறைக்கவில்லை.

அக்கா தன் டிபன் டப்பாவைத் திறந்தார். இருட்டியபின் அவர்கள் வீட்டில் யாரும் சாப்பிட மாட்டார்களாம். சீக்கிரம் சாப்பிடு என்று மற்றப் பெண்கள் அவசரப்படுத்தினார்கள். அவரோ புளிச்சோற்றைப் பிசைந்து எனக்கு ஊட்ட ஆரம்பித்தார். நானும் அழுகைக்கு நடுவே, அவசரமில்லாமல் மென்றேன். பாதி டப்பா காலியானபோது ஏரிக்கு அந்தப் பக்கம் சூரியன் இறங்கிவிட்டது. அக்கா அந்தப் பக்கம் ஒரு முறை பார்த்தார். மீதியையும் என் மடியில் வைத்துவிட்டுக் கை கழுவினார்.

படித்தவர்களுக்குப் பசி எடுக்காது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, இடது கையால் டப்பாவை வழித்துத் தின்றேன்.