கோழை விமானியும் எங்கள் ஊர் ரசிகர்களும்

ராமநாதபுரத்தில் ஒரு தனியார் கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறேன். ஆங்கிலம் நடத்துவதால் உலக சினிமாவும் எனக்குத் தெரியும் என்று நானே முடிவுசெய்து வைத்திருந்தேன். இணையத்தில் புனைபெயரில் விமர்சனம் வேறு எழுதிவந்தேன். தவறாமல் படித்தவர்கள் பதினோரு பேர். அதில் இருவர் என் மாணவிகள். அவர்களுடைய இன்டர்னல் மார்க் என் கையில் இருந்தது.

அப்படி நான் உருகி உருகி எழுதிய படங்களில் ஒன்று, கறுப்பு வெள்ளைக் காலத்து ஹாலிவுட் படம். மலைகளைத் தாண்டித் தபால் கொண்டுபோகும் விமானிகளின் கதை. கம்பெனி முதலாளியின் வாயில் எந்நேரமும் சுருட்டு. பனிமூட்டமோ புயலோ, தபால் போயாக வேண்டும் என்பார். ஒருவன் போவான், மலையில் மோதிச் சாவான். முதலாளி தொப்பியைக் கழற்றி ஒரு நிமிடம் நிற்பார், பிறகு கரும்பலகையில் அவன் பெயரை அழித்துவிட்டு அடுத்தவனைக் கூப்பிடுவார். ஒரே ஒரு விமானி மட்டும் இந்த மூட்டத்தில் பறக்க மாட்டேன் என்று மறுத்துவிடுவான். எல்லோரும் அவனைக் கோழை என்று ஒதுக்கிவைப்பார்கள். கடைசியில் அவன், எரிகிற விமானத்தில் தபால் பையைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டுச் செத்துப்போவான். அவனைப் பெரிய மனது பண்ணி மன்னித்துவிடுவார்கள்.

இணையத்தில் இந்தப் படத்துக்கு வந்திருந்த அபிப்பிராயங்களை ஒன்றுவிடாமல் படித்தேன். ஆண்மையின் கவிதை என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்த முதலாளியின் இரும்பு முகத்துக்குப் பின்னால் தாயின் இதயம் இருக்கிறது என்று இன்னொருவர் கண்டுபிடித்திருந்தார். கடைசிக் காட்சியில் மூன்று முறை அழுததாக ஒருவர். ஒரே காட்சியில் மூன்று முறை அழுவது எப்படி என்று அவர் விளக்கவில்லை. நானும் என் பங்குக்குக் கடமையுணர்ச்சியின் அழகு என்று தலைப்பிட்டு நீளமாக ஒன்று எழுதினேன். நாற்காலியில் உட்கார்ந்து, மின்விசிறியை ஐந்தில் வைத்துக்கொண்டு எழுதியது.

இதோடு விட்டிருக்கலாம். என் சொந்த ஊரான அக்காள்மடத்துக்கும் நல்ல சினிமாவைக் காட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

பங்குத்தந்தையிடம் கேட்டேன். கோயில் மண்டபத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குத் தந்தார். பங்குப் பேரவையில் பெரிய ஆளான ஒரு விசைப்படகு முதலாளி, திரையும் புரொஜெக்டரும் ஏற்பாடு பண்ணித் தருவதாகவும், தலைமை தாங்குவதாகவும் சொன்னார். தலைமை தாங்கக் கேட்காமலே ஒத்துக்கொள்வது அவருக்குப் பழக்கம். என் அண்ணன் அவர் படகில்தான் டிரைவர். எங்கள் பக்கம் விசைப்படகை ஓட்டிப்போகிறவரை அப்படித்தான் சொல்வோம். அண்ணனுக்குப் பின்னால் படகில் நான்கு பேர் கடலுக்குப் போவார்கள்.

அந்த வருடம் நடந்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். காற்று எச்சரிக்கை வரப்போகிறது என்று ஊருக்கே தெரிந்திருந்த ஒரு நாள், அது வருவதற்குள் போய்விட்டு வந்துவிடலாம் என்று முதலாளி படகை அனுப்பினார். படகில் வயர்லெஸ் வேலை செய்யவில்லை. அதை அண்ணன் இரண்டு தடவை சொல்லியிருந்தார். பார்க்கலாம் என்று முதலாளி இரண்டு தடவையும் சொல்லியிருந்தார். நடுக்கடலில் எஞ்சின் நின்றுபோய், ஒரு ராத்திரியும் ஒரு பகலும் படகு காற்று தள்ளின பக்கமெல்லாம் போயிருக்கிறது. எல்லையைத் தாண்டிவிட்டோமா இல்லையா என்றுகூடத் தெரியாமல் ஐந்து பேரும் உட்கார்ந்திருந்தார்கள். வேறொரு படகுக்காரர்கள் பார்த்து, கயிறு கட்டி இழுத்துவந்தார்கள். கரையில் முதலாளி ஓடிவந்து அண்ணனிடம் முதலில் கேட்டது வலை பத்திரமா என்று. அண்ணன் மனைவி, என் மதினி, பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, சாப்பிட்டுவிட்டு, மண்டபம் நிறைய ஆட்கள் வந்துவிட்டார்கள். ஜன்னல்களில் தார்ப்பாய் கட்டியிருந்ததால் உள்ளே அவித்து எடுத்தது. நான் கால் மணிநேரம் முன்னுரை பேசினேன். அதில் 'அழகியல்' என்ற சொல் ஒன்பது முறை வந்ததாக என் அண்ணன் மகள் பிறகு சொன்னாள். எண்ணுவதைத் தவிர அவளுக்கு வேறு வழி இருந்திருக்காது.

படம் ஓடியது. வசனத்தை நான் மைக்கில் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். முதல் விமானி மோதிச் செத்ததும் பெண்கள் பக்கம் சிலுவை போட்டுக்கொண்டார்கள். இரண்டாமவன் செத்ததும் முனகல். கோழை விமானி, முடியாது என்று சொல்லித் தொப்பியை மேசையில் வைத்த காட்சியில் மண்டபமே கைதட்டியது. அந்த இடத்தில் உலகத்தில் யாருமே கைதட்டியிருக்க மாட்டார்கள். அவன் கோழை, கெட்டவன், கைதட்டக்கூடாது என்று மைக்கில் விளக்கினேன். யாரும் காதில் வாங்கவில்லை. முன்வரிசையில் ஒரு பெரியவர், இத்தனை பேரில் புத்தியுள்ளவன் இவன் ஒருத்தன்தான் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது எனக்கே கேட்டது.

பாதிப் படத்தில் டீ வந்தது. விளக்கைப் போட்டோம். முதலாளி எழுந்து மைக்கை வாங்கினார். தொழில் என்றால் இப்படித்தான் நடத்த வேண்டும், அந்தச் சுருட்டுக்காரர் மனதுக்குள் எவ்வளவு வேதனை வைத்துக்கொண்டு ஆளை அனுப்புகிறார் பாருங்கள், கீழே இருக்கிறவர்களுக்கு மேலே இருக்கிறவர் கஷ்டம் புரியாது என்று பேசினார். ஏறக்குறைய என் கட்டுரை. என் கட்டுரையை அவர் படித்திருக்க வாய்ப்பில்லை. படிக்காமலே அதே கருத்துக்கு வந்திருந்தார் என்பதுதான் எனக்கு என்னவோ செய்தது.

அப்போது பெண்கள் பக்கமிருந்து மதினி எழுந்தாள். டீ டம்ளர் கையில் இருந்தது. என்னைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"அந்தத் தபால்ல அப்படி என்னதான் இருக்கு?"

படத்தில் அதைச் சொல்லவே மாட்டார்கள். நான் படித்த அபிப்பிராயங்களில் ஒருவர்கூட அதைக் கேட்டிருக்கவில்லை. சாதாரணக் கடிதங்கள்தான் இருக்கும் என்றேன்.

"மறுநா போனா ஆகாதா அது?"

ஆகும் என்று ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

அவள் முதலாளி பக்கம் திரும்பினாள். சத்தம் உயரவில்லை. "முதலாளி, தப்பா எடுத்துக்காதீக. அந்தச் சுருட்டுக்காரராவது, ஆளு செத்ததும் தொப்பியக் கழட்டிட்டு ஒரு நிமிசம் சும்மா நின்னாரு. தபால் பை என்னாச்சுன்னு மொதல்ல கேக்கல. நீங்க வலையத்தான் கேட்டீக."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். முதலாளி, சினிமாவைச் சினிமாவாகப் பார்க்க வேண்டும் என்று ஏதோ சொன்னார். பிறகு மணியைப் பார்த்தார், அவசர வேலை ஒன்று அவருக்கு ஞாபகம் வந்தது. தலைமை தாங்குகிறவர் பாதியில் போய்விட்டார் என்பதற்காகக் கூட்டம் கலையவில்லை. போட மாட்டீர்களா என்று கேட்டார்கள். மிச்சப் படத்தையும் போட்டேன். கோழை விமானி எரிந்து செத்த காட்சியில் யாரும் அழவில்லை. அவனையும் ஏத்தி அனுப்பிச்சுட்டானுகளே என்று ஒரு பெண் சொன்னாள். மூன்று முறை அழுத அந்த ரசிகர் அங்கே இருந்து இதைப் பார்த்திருக்க வேண்டும்.

வீட்டில் அண்ணன் மதினியோடு பேசவில்லை. மறுநாள் முதலாளியின் ஆள் வந்து, படகுக்கு வேறு டிரைவர் போட்டாயிற்று என்று சொல்லிவிட்டுப் போனான். என்னால் வந்த வினை இது. மன்னிப்புக் கேட்கலாம் என்று மதினியிடம் போனேன். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். "நீ படம்தான போட்ட. கேட்டது நானு" என்று மட்டும் சொன்னாள்.

புதிதாகப் போட்ட டிரைவர் வயர்லெஸ் சரியில்லை என்று இரண்டாம் நாளே திரும்பிவந்துவிட்டார். அடுத்து முதலாளி கூப்பிட்ட டிரைவர், சரிபண்ணிவிட்டுச் சொல்லுங்கள், வாரேன் என்றார். மண்டபத்தில் இருந்தவர்கள்தான் இவர்கள் எல்லோரும். மூன்று வாரம் படகு ஜெட்டிப் பாலத்திலேயே கட்டிக் கிடந்தது. நான்காவது வாரம் முதலாளி புது வயர்லெஸ்ஸும் ஐந்து லைஃப் ஜாக்கெட்டும் வாங்கிப்போட்டு, அண்ணனைக் கூப்பிட்டு அனுப்பினார். தொழிலாளர் பாதுகாப்புதான் தனக்கு எப்போதும் முக்கியம் என்று பேரவையில் ஒரு உரையும் ஆற்றினாராம். நல்ல கைதட்டலாம்.

என் விமர்சனத்தின் கீழே மதினி கேட்ட கேள்வியைச் சேர்த்துப் போட்டேன். இந்தப் படத்தை ரசிக்க ஒரு பக்குவம் வேண்டும் என்று ஒருவர் பதில் எழுதினார். பதினோரு பேர் ஒன்பதானார்கள்.

அண்ணன் மதினியோடு மறுபடி பேச ஆரம்பித்த பிறகு ஒருநாள் அவரிடம், உங்களுக்குப் படம் எப்படி இருந்தது என்று கேட்டேன். அதுவரை அவரை யாருமே கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவர் வலைக் கயிறு முறுக்குவதை நிறுத்தவில்லை.

"எனக்குப் புடிச்சிருந்துச்சு" என்றார். "அந்தக் கோழைப் பயதான் புடிக்கல. நானா இருந்தா மொத தடவையே போயிருப்பேன்."

மதினி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். "போயிருப்பாரு" என்றாள். அவ்வளவுதான். இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருபது வருடமாக அவர் ஒவ்வொரு தடவையும் போயிருக்கிறார்.

கோயில் மண்டபத்தில் இனி பக்திப் படங்கள் மட்டுமே போடலாம் என்று பேரவை தீர்மானம் போட்டுவிட்டது. புதுப்படத்துக்கு ராமநாதபுரம் போகலாமா வேண்டாமா என்று தெருப் பெண்கள் இப்போது மதினியிடம்தான் கேட்கிறார்கள். அவள் கதையைக் கேட்டுவிட்டு, போகலாம், போகவேண்டாம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறாள். என்னிடம் யாரும் கேட்பதில்லை.